லாரிக்கால் டிவி

நீங்கள் இப்போது ஊர் ஊராகத் தேடும் பெட்டிக்கு எங்கள் காலத்தில் ஷட்டர் டிவி என்று பெயர். மரக்கூடு, நாலு கால், முன்னால் இழுத்துச் சாத்தும் மடிப்புக் கதவு. கன்சோல் என்ற பெயரை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். பட்டணத்து வீடுகளில் விரும்பிக் கேட்கிறார்களாம். உள்ளே கிடப்பதை எடுத்துவிட்டுப் புதுத் திரையைப் பொருத்திக் கொடுக்கிறீர்களாம். நல்ல வேலைதான்.

பழைய பெட்டியை எப்படிப் பார்த்து எடுப்பது, எப்படிக் காப்பது என்று எழுதச் சொன்னீர்கள். கரையானையும் ஈரத்தையும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஒரு பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் ஒரு டிவி கடையில் இருந்தேன். விற்ற பெட்டியை வீட்டில் கொண்டுபோய் இறக்குவேன். ஆண்டெனா கட்டுவேன். கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பேன். கலர் டிவி வந்து, பழசைக் கொடுத்துப் புதுசு எடுக்கும் பழக்கம் பிடித்துக்கொண்ட நேரம். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் ஷட்டர் டிவிகள் அடுக்கிக் கிடந்தன.

மோகனூர்ப் பக்கம் கரும்பு வைத்திருந்த பெரியசாமி என்பவர் கலர் டிவி எடுத்தார். வேனில் கொண்டுபோனேன். பழைய பெட்டி ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், சுவரோரமாக இருந்தது. காலைச் சுற்றிப் பாவாடை மாதிரி பூத்துணி தைத்துக் கட்டியிருந்தார்கள். தூக்குவதற்காகத் துணியை அவிழ்த்தேன்.

மூன்று கால்கள் கடைசல் பிடித்தவை. மேலே தடித்து, கீழே மெலிந்து, நுனியில் பித்தளைப் பூண் போட்டவை. சுவரோரம் பின்னால் இருந்த நாலாவது கால் ஒரு சதுரக்கட்டை. பச்சை பெயிண்ட். அதன் மேல் மஞ்சளில் ஒரு பூ.

“இது என்னுங்க?” என்றேன்.

பெரியசாமி சிரித்தார். “லாரிக்காலுங்க. என்ற மச்சான் பண்ணுன கூத்து. பாடி கட்டற பட்டறையில மிஞ்சுன கட்டையில செஞ்சு மாட்டுனான். பாக்கறவங்க சிரிக்கறாங்கன்னுதான் துணியக் கட்டி மறைச்சு வெச்சிருக்குது.”

“ஊட்டுல அம்மா இல்லீங்களா?”

“அவ பொறந்த ஊருக்குச் சீருக்கு அழைக்கப் போயிருக்கறா. ஊடு ஊடா அழைச்சுட்டு வர ரெண்டு வாரமாகும். அதுக்கடுத்த வெள்ளிக்கிழம புள்ளைக்குச் சீரு. மச்சான் ரொம்ப வருசத்துக்கு அப்பறம் வாரான். இன்னும் இந்த நொண்டிப் பொட்டியத்தான் வெச்சிருக்கறாங்கன்னு அவன் நெனைக்கக் கூடாதுல்லீங்க? கலர்ல பாக்கட்டும். அவளும் வந்து பாத்தா அசந்து போயிருவா.”

மனுஷன் நல்ல மனசோடுதான் செய்தார். மச்சானுக்கு மரியாதை செய்வதாக நினைத்தார். நாங்கள் பெட்டியை ஏற்றினோம்.

அந்த வாரமே எங்கள் முதலாளி குடோனைக் காலி செய்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து ஒரு லோடு அள்ளிக்கொண்டு போனார். ஓடுகிற நிலையில் இருந்த ஓரிரண்டு மட்டும் மிச்சம்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு நாள் மத்தியான வெயிலில் ஓர் அம்மா கடைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நடந்து வந்த புழுதி காலில் இருந்தது. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“மோகனூருப் பக்கம் பெரியசாமி சம்சாரமுங்க. பாவாயி. எங்க பொட்டி எங்கீங்க?”

முதலாளிக்கு வாய் அதிகம். “கலர் சரியாத் தெரியலீங்களாக்கா? ஆள அனுப்பறேன். ஆண்டெனாவக் கொஞ்சம் திருப்புனாச் சரியாப் போயிரும்.”

“கலரு நல்லாத்தான் தெரியுது. எனக்குப் படம் வேண்டாமுங்க. பொட்டி வேணும்.”

“அது சேலத்துக்குப் போயிருச்சுங்களே. அதனால என்ன? அச்சு அசலா அதே பொட்டி ஒண்ணு குடோன்ல நிக்குது. அதே கம்பெனி, அதே மாடலு. இன்னும் பளபளன்னு இருக்குது. உங்களுக்காகத் தாரேன். ஏப்பா, கூட்டிட்டுப் போயிக் காட்டு.”

கூட்டிப்போய்க் காட்டினேன். அந்த அம்மா கதவைத் திறந்து பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். நாலும் ஒன்றுபோல இருந்தன.

“இது இல்லீங்க” என்றார்.

பிறகு அங்கேயே ஒரு பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் அன்றைக்குச் சொன்னார்.

“என்ற தம்பி அங்கமுத்து லாரிக்குப் போயிட்டிருந்தானுங்க. மெட்ராசுல யாரோ பங்களாவக் காலி பண்றப்ப இந்தப் பொட்டியப் பாத்துப்போட்டு, எங்கக்காளுக்கு வேணும்னு வாங்கி, லோடு மேல கட்டிக் கொண்டாந்தான். நம்ம பக்கம் டிவி டவரே இல்லாத காலமுங்க அது, படமே வராது. ஊரே சிரிச்சுது. எறக்கறப்ப ஒரு காலு முறிஞ்சு போச்சு. அவ்வளவு பெரிய ஆம்பள, அழுதுபோட்டான். அப்பறந்தான் பட்டறையில இருந்து கட்டையக் கொண்டாந்து காலு செஞ்சான். பூவு அவனே போட்டது. லாரிக்குப் போடற பூவுங்க. வேற பூவு அவனுக்குத் தெரியாது.”

“இப்ப எங்கீங்க இருக்கறாரு?”

“வடக்க. ரிக்கு வண்டியில, போர் போடறதுக்குப் போயிட்டான். சொந்தமா வண்டி எடுக்க இவருகிட்டப் பூமிப் பத்திரத்தக் கேட்டான். சொந்தபந்தம், ஒரம்பரை சனம் அத்தன பேரு முன்னாடி இவரு முடியாதுன்னுட்டாரு. இனி உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டுப் போனவன். இப்பத்தான், புள்ள பெரியமனுஷி ஆயிட்டான்னதும், சீரு வெக்க வாரேன்னு சொல்லி உட்டிருக்கறான். பந்தல்ல சீர வெச்சுப்போட்டு அப்படியே திரும்பிருவானுங்க. அவன எனக்குத் தெரியும். உள்ள வந்தான்னா அந்தப் பொட்டியப் பாக்கத்தான் வருவான். வேற எதுக்கும் வரமாட்டான்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “அக்கா, ஸ்டெபிலைசர் ஒண்ணு சும்மாவே தாரேன், எடுத்துட்டுப் போங்க.”

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “தேடித் தருவீங்களா சாமி?”

தருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன். அதற்கே கும்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டை வியாபாரிக்கு அந்தப் பெட்டி நினைவிருந்தது. நாலாவது காலைத்தான் சொன்னார். “பச்சைக்கால் தானே? உள்ள இருந்தத எல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சு. வெறுங்கூட்ட சூரமங்கலத்துல ஒரு வடைக்காரம்மா எடுத்துட்டுப் போச்சு. ரயில்வே குடியிருப்புப் பக்கம் போயி டிவி கடைன்னு கேளு. சொல்லுவாங்க.”

கேட்டேன். சொன்னார்கள். டிவி விற்கிற கடை இல்லை. தள்ளுவண்டி. வண்டிமேல் ஷட்டர் டிவியின் மரக்கூடு உட்கார்ந்திருந்தது. கால்கள் இல்லை. திரை இருந்த இடத்தில் கம்பித்தட்டு. தட்டில் வடை.

“என்னாண்ணா, படம் பாக்க வந்தியா?” என்று வடைக்காரம்மா ஷட்டரை இழுத்துக் காட்டினார். “இன்னிக்கு வடை, போண்டா. ஞாயித்துக்கிழமையில பஜ்ஜியும் ஓடும்.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ரயில்வேக்காரர் ஒருவர், “விளம்பரம் இல்லாத டிவி சார்” என்றார்.

இரண்டு வடை வாங்கித் தின்றேன். பிறகு கேட்டேன். “இதோட கால் எங்கம்மா?”

“மூணு அடுப்புல போச்சு. நல்லா எரிஞ்சுது. நாலாவது ஒரு கட்டை. பெயிண்ட்டு நாத்தம் தாங்கல, வெளிய இழுத்துப் போட்டுட்டேன். அதோ பாரு.”

குனிந்து பார்த்தேன். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார். மஞ்சள் பூவின் மேல் சக்கரம் நின்றது.

இந்த இடத்தில் உங்களில் சிலர் ஒரு கதை கட்டுவீர்கள். கம்பெனி திரும்பக் கேட்கிறது, மரத்தில் பழுது இருக்கிறது என்று ஏதாவது. எனக்கும் வாய் வரை வந்தது. கதை கட்டினால் வடைக்காரம்மா விலை ஏற்றுவார், அல்லது போடா என்பார். உள்ளதைச் சொன்னால் குறைந்தது காது கொடுப்பார் என்று பட்டது. அக்கா, தம்பி, சீர், வாசப்படி, எல்லாவற்றையும் சொன்னேன். நாலே வாக்கியம்தான்.

அவர் எண்ணெயில் கிடந்த வடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

“கட்டைய எடுத்துட்டுப் போ. அதுக்கு ஒரு கல்லு போதும். பெட்டியத் தரமாட்டேன். இது போச்சுன்னா ஈ மொய்க்கும். டிவி கடைன்னு வந்து நிக்கிற சனத்துக்கு நான் என்ன சட்டியவா காட்டறது?”

“இதே மாதிரி கூடு கொண்டுவந்தா?”

“இதே மாதிரின்னா? கதவு இழுபடணும்.”

“இழுபடும். இதைவிடப் பளபளன்னு இருக்கும்.”

“அப்ப அதையே அந்த அம்மாவுக்குக் குடுக்கறதுதான?” என்று கேட்டார். பிறகு அவரே, “அட, சரிதான். அது ஆவாது” என்றார்.

குடோனில் நின்ற அந்த அச்சு அசல் பெட்டி எனக்குச் சொந்தமில்லை. முதலாளியைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை போய்விடும். வாக்குக் கொடுத்தேன். சக்கரத்துக்குக் கீழிருந்து கட்டையை உருவினேன். வண்டி நகர்ந்துவிட்டது. ரயில்வேக்காரர் டீ டம்ளரோடு பாய்ந்து பிடித்தார். டீ முழுக்க என் சட்டையில். “படம் ஆடுதுய்யா!” என்று கத்தினார். கல் வைத்தபின் நின்றது.

கட்டையோடு வந்த என்னைப் பார்த்து முதலாளிக்குக் கோபம். “ஓடற செட்டப் பிரிச்சு, கூட்ட வடைக்காரிக்குக் குடுக்கறயா? யாரக் கேட்டு வாக்குக் குடுத்தே?”

“யாரையுங் கேக்கலீங்க.”

“உள்ள இருக்கறத என்ன பண்ணுவே?”

“அந்தம்மா பொட்டியில மாட்டிருவேன். ரெண்டும் ஒரே அளவுங்க. படமும் வரும்.”

கொஞ்ச நேரம் கத்தினார். நான் நின்றேன். கத்தி முடித்ததும், “சாவுக்கு வந்தவனாட்ட நிக்காதே, ஸ்குரூ டிரைவர எடு” என்றார். எதிர்ப் பக்கம் அவரே உட்கார்ந்து கழற்றினார். வாய்தான் அப்படி.

குடோன் கூடு சூரமங்கலம் போனது. பழைய கூடு நாமக்கல் வந்தது. வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே தொல்லை எண்ணெய். மரம் குடித்திருந்தது. வெயிலில் வைத்தேன். கடலைமாவு தேய்த்தேன். வேப்பிலை போட்டு மூடி வைத்தேன். பிசுக்குப் போனது. வடை வாசம் போகவில்லை.

மூன்று கால் அந்தக் குடோன் கூட்டிலிருந்து எடுத்தது. நாலாவதாகப் பச்சைக்கட்டையை மாட்டியபோது முதலாளி நின்று பார்த்தார். “அதையும் கருப்பா பாலிஷ் போட்டுரு. சீரு வீட்டுல போட்டோ எடுப்பாங்க. நம்ம வேலையின்னு தெரிஞ்சா மானம் போயிரும்.”

“அந்தக் காலுக்குத்தாங்க இத்தனையும்.”

“சக்கரத் தழும்பாவது மறைக்கலாம்ல?”

“இருக்கட்டுங்க.”

பாலிஷ் காய்ந்து வேனில் ஏற்றும்போது வெள்ளிக்கிழமை காலை ஆகிவிட்டது. மோகனூர் போய்ச் சேர்ந்தால் வாசலில் பந்தல், சனம். பெரியசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னுங்க இது? நொண்டியத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க? இன்னைக்குப் போயி! மச்சான் பாத்தா சிரிப்பானே!”

பாவாயி அம்மா பின்னாலேயே வந்தார். “சிரிக்கட்டும். உள்ள வந்தாத்தான சிரிக்க முடியும். நீங்க கொண்டாங்க சாமி.”

பெரியசாமி மனைவியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தை அவரே பிடித்தார்.

ஆசாரத்தில் கலர் டிவி பழைய பெட்டியின் இடத்தைப் பிடித்திருந்தது. அதை ஓரமாக நகர்த்தி, வாசலுக்கு நேரே பெட்டியை இறக்கினோம். தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மாமன் வந்துவிட்டார்.

எப்போதும் போலப் பச்சைக்காலைப் பின்னால், சுவர்ப்பக்கம் மாட்டியிருந்தேன். நல்லதை முன்னால் வைத்து நொண்டியைப் பின்னால் வைப்பது தொழில் பழக்கம். கை தானாகச் செய்துவிடும். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். கால் தெரியவில்லை. பந்தலில் நிற்கிறவர் பார்த்தால் ஏதோ ஒரு டிவி. அவ்வளவுதான்.

“புடிங்க” என்றேன். பெரியசாமி தோள் கொடுத்துத் தூக்கினார். தரையில் படுத்து, முன்னால் இருந்த கடைசல் காலைக் கழற்றிப் பின்னால் போட்டேன். பச்சைக்கட்டையை முன்னால் திருகினேன். மேளம் பந்தலுக்குள் வந்துவிட்டது. பாவாயி அம்மா அந்தப் பூத்துணியைக் கொண்டுவந்தார். கட்டவில்லை. கக்கத்தில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அங்கமுத்து கறுத்து, மெலிந்து, வெயில் தின்ற ஆள். சேலை, பூ, பழம், தட்டு எல்லாம் முறையாகக் கொண்டுவந்தார். பெண்ணுக்கு மாமன் மாலை போட்டார். எல்லாரிடமும் சிரித்தார். பெரியசாமியிடம் மட்டும் தலையாட்டினார். எல்லாம் பந்தலுக்குள்ளேயே. படி ஏறவில்லை. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அக்கா, வண்டி நிக்குது. கெளம்பறேன்.”

“தண்ணியாவது குடிச்சுப்போட்டுப் போ சாமி.”

“குடு.”

“உள்ளதான் இருக்குது” என்று அந்த அம்மா வாசற்படியை விட்டு ஒதுங்கி நின்றார்.

அவர் புரிந்துகொண்டார். முகம் இறுகியது. தலையைத் திருப்பிக்கொள்ளப் போனவர் நின்றார். வாசல் வழியாகப் பார்வை உள்ளே, கீழே போயிருந்தது.

“அது என்னக்கா?”

“எது?”

“அந்தப் பச்ச.”

“உன்ற காலுதான். வேற யாரு காலு?”

மேளக்காரர் நிறுத்திவிட்டார். அங்கமுத்து செருப்பை விட்டார். படி ஏறினார். வீட்டுக்குள் போய்ப் பெட்டிமுன் குந்தினார். கதவைத் திறக்கவில்லை. பூவின்மேல் கையை வைத்தார். சக்கரத் தழும்பில் விரல் ஓடியது.

“இதென்னக்கா, வண்டி ஏறுனாப்பல இருக்குது?” மூக்கை உறிஞ்சினார். “பொட்டி வேற வட வாசம் அடிக்குது?”

“கோவிச்சுட்டுப் போச்சு. பசிச்சிருக்கும், எங்கியோ தின்னுபோட்டு வந்திருக்குது” என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பெரியசாமி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “மாப்ள, அந்தப் பக்கம் கலர் டிவி...” என்றார்.

“அப்பறம் பாக்கலாம் மாமா.”

பெரியசாமி திரும்பிக்கொண்டு ஆண்டெனா ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. நான்தான் கட்டியது.

அன்றைக்கு அங்கமுத்து உட்கார்ந்து சாப்பிட்டார். பொழுது சாய்ந்ததும் வடக்கே போய்விட்டார். வேலை அப்படி. பிறகும் வந்தார். ஆனால் ஒரு வரவுக்கும் அடுத்த வரவுக்கும் நடுவே காலம் நீண்டுகொண்டே போனது. நான் அந்தப் பக்கம் ஆண்டெனா கட்டப் போகும்போதெல்லாம் பாவாயி அம்மா கூப்பிட்டு விடுவார். பெட்டியைத் துடைத்து, கால் திருகாணியை முறுக்கிவிட்டு வருவேன். பூத்துணி திரும்பக் கட்டப்படவே இல்லை. கதவுக்கு எண்ணெய் போடச் சொல்வார். கலர் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அவர் உட்காரும் இடம் என்னவோ இந்தப் பக்கம்தான், வாசலும் பெட்டியும் ஒருசேரத் தெரிகிற இடம்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல இருந்தது. பழைய பெட்டி எடுக்கப் போனால் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். குனிந்து பாருங்கள். எங்காவது துணி கட்டி மறைத்திருந்தால், அது யார் செய்தது என்று கேளுங்கள். விற்கிறவர் வீட்டில் இருப்பார். கேட்கவேண்டிய ஆள் வெளியே போயிருக்கும். வரட்டும் என்று காத்திருங்கள். ஒரு பெட்டி கைவிட்டுப் போனால் தொழில் படுத்துவிடாது.

பல வருடம் கழித்து அந்தப் பெட்டியின் பிக்சர் ட்யூப் போய்விட்டது. அந்த ட்யூப் எங்கும் கிடைக்கவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். இனிப் படம் வராதும்மா, வெறும் பெட்டிதான் என்றேன். பாவாயி அம்மா ஷட்டரை இழுத்துத் திறந்து, இருட்டாகக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“வாங்கிட்டு வந்தப்பவும் படம் வரலீங்களே சாமி” என்றார். “அப்பவும் தொறந்து தொறந்து பாத்துட்டுத்தான இருந்தோம்.”

மெதுவாகச் சாத்தினார். கதவு சத்தமில்லாமல் ஓடியது.